உச்சி வெயிலில் இரும்பின் நிறம் தெரியாது

கேள்வி: வீடியோ பார்த்துப் பார்த்து வீட்டு முற்றத்தில் சின்ன உலை ஒன்று போட்டேன். லொறி ஸ்பிரிங் தகட்டில் ஒரு கைக்கோடாலி அடித்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பகல் முழுக்க வேலை. கடைசியில் நன்றாகக் காய்ச்சி வாளித் தண்ணீருக்குள் போட்டதும் 'டிங்' என்று ஒரு சத்தம். கோடாலியின் வெட்டுவாயிலிருந்து மேலே ஓர் அங்குலத்துக்கு வெடிப்பு. ஊர்க் கொல்லரும் தண்ணீரில்தானே தோய்ப்பார் என்கிறார் அப்பா. வெல்டிங் வைத்துச் சரிப்படுத்தலாமா? ட்ரில் பண்ணிய ஓட்டையில் பிடியும் ஆடுகிறது.
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: வெல்டிங் வேண்டாம் தம்பி. கோடாலி ஓங்கி அடிக்கிற சாமான். ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்ப வெடிக்கும். துண்டு பறந்தால் யாருடைய கண்ணுக்குப் போகும் என்று சொல்ல ஏலாது.

ஆனால் எறிந்துவிடாதீர்கள், உடைத்துப் பாருங்கள். வைஸில் இறுக்கி, சாக்கால் மூடி, கண்ணாடி போட்டுக்கொண்டு வெடிப்புக்குக் கிட்ட ஓர் அடி. உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் பட்டுப்போல இருந்தால் சூடு சரி. சீனி தூவினாற்போல மினுங்கினால் மிதமிஞ்சிக் காய்ச்சியிருக்கிறீர்கள். சீனிதான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. முற்றம், பகல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே.

நம்முடைய வெயிலில் சிவக்கக் காய்ந்த இரும்பும் கறுப்பாய்த்தான் தெரியும். "இன்னும் சிவக்கவில்லையே" என்று ஊதிக்கொண்டே இருப்போம். நான் பழகிய பட்டறையில் மேற்குப் பக்கம் எப்போதும் கிடுகுத்தட்டி சாத்தியிருக்கும். வெயிலுக்கு மறைப்பு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் காற்றில் தட்டி விழுந்தது. அன்றைக்கு முழுக்க மூத்தவர் ஒரு கத்திகூடத் தோய்க்கவில்லை. நிழலில் நிறம் பார்க்கத்தான் அந்தத் தட்டி என்று அப்போதுதான் புரிந்தது.

ஆகவே தோய்ச்சலைப் பொழுதுபட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை நம்ப முடியாவிட்டால் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டி உலைக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். 770 பாகை செல்சியஸ் அளவில் காந்தம் இரும்பைப் பிடிக்காது. அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் ஏறினால் போதும். அந்தச் சூட்டுக்கு மூன்று முறை காய்ச்சி, மூன்று முறையும் காற்றில் தானாக ஆற விடுங்கள். அடித்த அடியில் தங்கின இறுக்கம் தளரும், சீனிபோல மினுங்கிய பெருத்த மணிகள் சிறுக்கும். நாலாம் முறைதான் தோய்ச்சல்.

அப்பா சொல்வது பொய்யில்லை. ஆனால் கொல்லர் முழுக் கோடாலியையும் வாளிக்குள் போடுவதில்லை. வாய் விளிம்பை மட்டும் நனைத்து எடுப்பார். முதுகில் மிஞ்சிய சூடு திரும்ப வாய்க்கு இறங்கிப் பதம் கொடுக்கும். லொறி ஸ்பிரிங் எண்ணெயிலேயே இறுகும் உருக்கு. தண்ணீரில் போட்டால் மேல்தோல் முந்தி இறுகும், உள்ளே பிந்தி இறுகும்; அந்த இழுபறியில் வெடிக்கும். தேங்காய் எண்ணெய் போதும். கைபொறுக்கும் சூட்டில், இரும்பு வாளியில், மூடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூட வேண்டும்.

பிறகு அரத்தால் வாயைத் தேயுங்கள். கண்ணாடியில் தேய்ப்பதுபோல வழுக்கினால் இறுகிவிட்டது. அப்படியே விறகில் போட்டால் வாய் பொரிந்துவிடும். வாயை மினுங்கத் தீட்டி, பிடி போகும் கண்ணுக்குள் செக்கச்சிவந்த இரும்பு முளை ஒன்றைச் செருகுங்கள். வைக்கோல் மஞ்சள், மண்ணிறம், ஊதா என்று நிறம் மெல்ல வாயை நோக்கி ஊரும். வாய் விளிம்பில் மண்ணிறம் ஊதாவாகும்போது முளையை உருவி ஆற விடுங்கள். நீலம் வரைக்கும் போனால் சின்னக் கோடாலிக்கு மெதுமை கூடிவிடும் என்பது என் எண்ணம்.

பிடி ஆடுவது உங்கள் கைப்பிழையில்லை. அந்தத் தகட்டின் தடிப்பில் போட்ட ஓட்டை எந்தப் பிடியையும் இறுக்கிப் பிடிக்காது. அடுத்ததற்கு ஸ்பிரிங்கை விடுங்கள். பழைய இரும்பு வாங்குபவரிடம் ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் உருண்டையுமான பழைய சுத்தியல் தலை, 2 இறாத்தல் அளவில் கேளுங்கள். கண் ஏற்கனவே இருக்கும். உருண்டைப் பக்கத்தைச் செம்மஞ்சள் சூட்டில் அடித்து விரித்தால் வாய் வந்துவிடும். கண் நெளியாமல் இடைக்கிடை முளை செருகிப் பாருங்கள். சிவப்பு மங்கினதும் அடிப்பதை நிறுத்துங்கள். பிடிக்குக் கொய்யாவோ புளியோ, நார் நீளவாக்கில் ஓடுகிற கொம்பாகப் பாருங்கள்.

இன்னொன்று. உலைக்குக் காற்று விடும் குழாய் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) என்றால் இன்றைக்கே கழற்றுங்கள். சூட்டில் அந்த நாகப் பூச்சு வெள்ளைப் புகையாய்க் கிளம்பும். பகலில் ஒன்றும் தெரியாது, இரவில் குலைப்பன் காய்ச்சல்போல நடுங்க வைக்கும்.