மாவுக்கட்டு பிரித்த பிறகு தொடை மெலிந்துவிட்டது என்று கேட்டவருக்கு

வணக்கம் தம்பி. ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தால் வலது தொடை பாதியாகத் தெரிகிறது, தசை செல்கள் செத்துவிட்டனவா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள். அவை பெரும்பாலும் சாகவில்லை, இளைத்திருக்கின்றன.

தசைக்குள் இருக்கும் நார் ஒவ்வொன்றுமே ஒரு நீளமான செல்தான். தலைமுடி அளவுக்கு மெல்லியது, ஆனால் அதற்குள் ஏராளமான உட்கருக்கள். ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகள் உள்ளே கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். உடல் இவற்றை ஓயாமல் உடைத்துப் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கிறது. கால் அசையாமல் கிடந்தால் கட்டுவது குறைந்து உடைப்பது மிஞ்சிவிடும். நார் அங்கேயேதான் இருக்கும், தடிமன்தான் போய்விடும்.

காலுக்கு மறுபடி வேலை கொடுத்தால் அந்தக் கணக்கு திரும்பும். நாரின் வெளியுறைக்கு அடியில் துணைச் செல்கள் ஒட்டிக்கொண்டு தூங்கிக் கிடக்கும். 1961இல் அலெக்சாண்டர் மவ்ரோ என்ற ஆய்வாளர் தவளைத் தசையில் இவற்றை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார். பளு ஏறும்போது இவை விழித்துப் பெருகி, நாரோடு கலந்து தங்கள் உட்கருவையே அதற்குக் கொடுத்துவிடும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராத இடம் இது.

அப்புறம், முதல் சில வாரங்களில் பலம் கூடும், சுற்றளவு அவ்வளவாகக் கூடாது. நரம்புகள் தசையை இயக்கப் பழகும் காலம் அது. அதனால் தினமும் அளவுநாடா எடுக்காதீர்கள், மாதம் ஒருமுறை போதும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல் நன்றாகச் சாப்பிடுங்கள். எலும்பு எவ்வளவு பளு தாங்கும் என்று மட்டும் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.