எங்கள் வீட்டில் சண்டை வருவது காற்பந்தால்தான்

கேள்வி: அரசியல், விளையாட்டு, பிடித்த நாவல் - இந்த மூன்றில் எதைப் பேசினால் உங்கள் வீட்டில் அதிகம் சண்டை வரும்?

சந்தேகமே வேண்டாம், காற்பந்து.

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன். மனைவிக்கு ஊர் மலேசியாவின் ஜொகூர் பாரு. கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துத்தான் இங்கே குடியுரிமை எடுத்தார். ஓட்டுப் போடுவது இங்கே கட்டாயம். போடாவிட்டால் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், தகுந்த காரணம் இல்லையென்றால் மறுபடி சேர 50 வெள்ளி கட்ட வேண்டும். 2025 மே 3ஆம் தேதி தேர்தலுக்கு இருவரும் சேர்ந்தே போய் வரிசையில் நின்றோம், திரும்பும் வழியில் காப்பிக் கடையில் பிராட்டா சாப்பிட்டோம். யாருக்குப் போட்டாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் அம்மாவுக்கு மட்டும் இன்னமும் பயம்: "சீட்டுல நம்பர் இருக்கே, கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?" அது கள்ள ஓட்டைத் தடுக்கத்தான், எண்ணி முடித்ததும் சீட்டுகளை முத்திரையிட்டு உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் வைத்துப் பிறகு அழித்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்லிப் பார்க்கிறேன். "நீ சொல்ற" என்பார்.

மற்றபடி எங்கள் வீட்டு அரசியல் என்பது பொருள் சேவை வரி 9 விழுக்காடு ஆனதும், அரசு கட்டித்தரும் வீவக வீட்டு விலையும்தான். அந்தத் தேர்தலில் 97 இடங்களில் 87 மக்கள் செயல் கட்சிக்கு, 10 பாட்டாளிக் கட்சிக்கு. முடிவு வந்த இரவு வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர் ஒருவர் "நாம ஜெயிச்சிட்டோம்" என்று போட்டார். அந்த "நாம" எனக்குப் பிடிக்கவில்லை. போன தடவை ஒரு கட்சிக்குப் போட்டேன் என்பதற்காக இந்தத் தடவையும் போட வேண்டுமா என்ன? என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டுப் புதிதாக முடிவெடுக்க வேண்டிய காரியம் அது.

காற்பந்தில் இந்த நியாயம் எதுவும் செல்லாது. அணியை மாற்றினால் துரோகிதான்.

மனைவியின் அண்ணன் ஜொகூரில் இருக்கிறார். தீபாவளிக்குக் கடற்பாலத்தில் மணிக்கணக்காக நின்று அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், முறுக்குத் தட்டு வருவதற்கு முன்னால் 1994 வந்துவிடும். அப்போது மலேசிய மாநில அணிகளோடு சிங்கப்பூர் அணியும் ஆடும். அந்த ஆண்டு ஷா ஆலமில் பகாங்கை 4-0 என்று அடித்து மலேசியக் கிண்ணத்தை நாங்கள் தூக்கினோம். அப்பாஸ் சாட் மூன்று கோல், ஃபாண்டி அகமது ஒன்று. லீக் பட்டமும் அதே ஆண்டில் எங்களுக்குத்தான். அதற்குப் பிறகு நுழைவுச்சீட்டு வசூலில் யாருக்கு எவ்வளவு என்று தகராறாகி சிங்கப்பூர் விலகிக்கொண்டது. மச்சான் அதை இப்படிச் சொல்லுவார்: "கப்பைத் தூக்கிட்டு ஓடிட்டீங்க மாப்ள. திருப்பி ஆட பயம்."

நான் விடுவேனா? 2012இல் லயன்ஸ் டுவெல்வ் என்ற பெயரில் திரும்பி வந்து அடுத்த ஆண்டே அவர்களுடைய சூப்பர் லீக்கை வென்றோமே என்பேன். உடனே அவர், "அதுக்கப்புறம்?" என்பார். அதுக்கப்புறம் 2014 முதல் அவர் ஊர் அணியான ஜேடிடி (ஜொகூர் டாருல் தாசிம்) வருஷம் தவறாமல் லீக்கை வென்றுவருகிறது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. பேச்சை எங்கள் பழைய நட்சத்திரங்களான ஃபாண்டிக்கோ சுந்தரமூர்த்திக்கோ திருப்பிவிடுவேன்.

மனைவி எந்தப் பக்கம் என்கிறீர்களா? பாஸ்போர்ட் சிங்கப்பூரின் சிவப்பு, ஜெர்சி மலேசியாவின் மஞ்சள். 2024 டிசம்பரில் ஆசியான் கிண்ணப் போட்டியில், புக்கிட் ஜாலிலில் சிங்கப்பூரும் மலேசியாவும் ஆடிய ஆட்டத்தில் கோலே விழவில்லை. அந்தச் சமநிலை எங்களை அரையிறுதிக்கு அனுப்பியது, மலேசியாவை வீட்டுக்கு அனுப்பியது. அன்று இரவு எங்கள் வீட்டில் ரசம் மட்டும்தான். அடுத்த நவம்பரில் ஹாங்காங்கை 2-1 என்று வென்று சிங்கப்பூர் தகுதிச் சுற்றின் வழியாக முதன்முறையாக ஆசியக் கிண்ணத்துக்குள் நுழைந்தது. 1984இல் ஆடியது போட்டியை நாமே நடத்தியதால். இந்த முறை இரண்டாவது கோலைப் போட்டது ஃபாண்டியின் மகன் இல்ஹான். மனைவி கைதட்டினார், ஆனால் "நல்லா ஆடுனாங்க, உங்க ஆளுங்க" என்றார். அந்த "உங்க"வை நான் திருத்தவில்லை. என்னைக் கேட்டால் அவர் செய்வது சரிதான். வரி கட்டுகிறார், ஓட்டுப் போடுகிறார், மகனைத் தேசிய சேவைக்கு அனுப்பினார். சிறுவயதில் அப்பாவோடு உட்கார்ந்து கத்திய அணியையும் விட்டுக்கொடு என்று கேட்க எந்த நாட்டுக்கும் உரிமையில்லை.

(மகன் இரண்டு பக்கமும் இல்லை. அவன் லிவர்பூல். 2025இல் 20ஆவது லீக் பட்டம் வாங்கி என் மான்செஸ்டர் யுனைடெட்டைச் சமன் செய்ததிலிருந்து என்னோடு பேசும் தொனியே வேறு.)

நாவலில் சண்டை கொஞ்சம்தான். மனைவிக்குக் கல்கி, பொன்னியின் செல்வனின் ஐந்து பாகத்தையும் திரும்பத் திரும்பப் படிப்பார். எனக்கு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர்க்காலத்து இந்தோனேசியாவின் மேடானும் மலேசியாவின் பினாங்கும், வட்டிக்கடைப் பையன்களின் பேச்சும், நம் ஆட்கள் இந்தப் பக்கம் பிழைத்த பிழைப்பும் அதில் இருப்பதுபோல வேறு எங்கும் நான் படித்ததில்லை. மதுரையை நினைத்துக்கொண்டே இங்கே திரியும் பாண்டியனை என் மனைவிக்கு உடனே புரியும் என்று நினைத்தேன். முப்பது பக்கத்தில் வைத்துவிட்டார், சோழ நாட்டை விட்டு வர மாட்டாராம். மச்சான்தான் வாங்கிக்கொண்டு போய் ஒரே மூச்சில் படித்து முடித்தார். புத்தகத்தை இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்டால், "முதல்ல மலேசியக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுங்க" என்கிறார்.