கணக்குக்கு ஒரு மரபணு உண்டா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சுபா டோலே பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். கருவில் மூளை உருவாகும்போது மரபணுக்கள் அதை எப்படி வழிநடத்துகின்றன என்று ஆராய்பவர் என்பது வரை புரிந்தது.

நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. என் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். நல்ல பேச்சு, நல்ல கை வேலை, ஆனால் எண்களைக் கண்டாலே முகம் வாடிவிடும். அவன் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினேன். "எங்க பரம்பரைக்கே கணக்கு வராதுங்க டீச்சர், அது ரத்தத்துலயே இல்ல" என்றார். சக ஆசிரியர்கள் சிலரும் இதையேதான் வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள். இதற்கிடையில் எங்கள் பள்ளி வாசலில் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். குழந்தையின் எச்சிலைக் கொடுத்தால், எந்தத் துறையில் திறமை என்று மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிடுவார்களாம்.

மூளையைக் கட்டுவதே மரபணுக்கள்தான் என்றால் அந்த அப்பா சொல்வது சரிதானே? அப்புறம் இன்னொன்று. அவர் செய்வதுபோல் சுண்டெலியின் கருவில் ஒரு மரபணுவை எடுத்துவிட்டுப் பார்ப்பதால் என்னைப் போன்ற ஒருத்திக்கு என்ன தெரியவரும்?

அன்புடன்,
ம.
ஈரோடு

அன்புள்ள ம.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சுண்டெலியின் கருவில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டால் அந்த அப்பாவுக்கு என்ன சொல்வது என்பதும் தெரிந்துவிடும்.

கருவில் வளரும் பெருமூளைப் புறணியின், அதாவது மூளையின் வெளியடுக்கின், ஓரத்தில் ஒடுக்கமான ஒரு பட்டை இருக்கிறது. ஆய்வாளர்கள் அதை 'ஹெம்' என்கிறார்கள். டோலே மும்பைக்கு வருவதற்கு முன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எலிசபெத் குரோவின் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். அந்தப் பட்டையிலுள்ள செல்களில் 'வின்ட்' என்ற குடும்பத்தைச் சேர்ந்த பல மரபணுக்கள் ஒன்றாக இயங்குகின்றன என்று அவர்கள் 1998இல் காட்டினார்கள். வின்ட் புரதங்கள் செல்லிலிருந்து வெளியேறி அக்கம்பக்கத்துச் செல்களுக்குச் செய்தி சொல்பவை. அந்தப் பட்டையை ஒட்டித்தான் ஹிப்போகாம்பஸ் உருவாகிறது. புதிய நினைவுகளைப் பதிய அது இல்லாமல் முடியாது. 2000ஆம் ஆண்டு இன்னொரு தகவல் சேர்ந்தது: வின்ட்3ஏ என்ற ஒரு மரபணு இல்லாமல் போனால் ஹிப்போகாம்பஸ் கிட்டத்தட்ட உருவாகவே இல்லை.

அப்படியானால் ஹெம் அவசியம், சரி. ஆனால் அது மட்டுமே போதுமா? வேறொரு இடத்தில் ஹெம்மை வைத்தால் அங்கேயும் ஹிப்போகாம்பஸ் முளைக்குமா? இந்தக் கேள்விக்குப் பதில் 2008 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் வந்தது. மும்பையில் டோலேயின் குழுவும் கலிஃபோர்னியாவில் இர்வைன் பல்கலைக்கழகத்தின் எட்வின் மொனுகி குழுவும் சேர்ந்து செய்த வேலை அது.

அவர்கள் எடுத்துக்கொண்டது எல்எச்எக்ஸ்2 என்ற மரபணு. இது மற்ற மரபணுக்களை இயக்கவும் நிறுத்தவும் செய்யும் வகையைச் சேர்ந்தது. இந்த மரபணு அடியோடு இல்லாத கருவில், புறணியாக வேண்டிய செல்கள் புறணி ஆவதில்லை. அவற்றில் பல ஹெம்மாக மாறிவிடுகின்றன. அதாவது "நீ புறணி" என்று அந்தச் செல்லுக்கு அடையாளம் தருவது எல்எச்எக்ஸ்2. அது இல்லையென்றால் செல் இன்னொரு அடையாளத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் கருவில் ஹிப்போகாம்பஸ் இல்லை. செய்தி சொல்லும் செல்கள் ஏராளம், அதைக் கேட்டு மாறக்கூடிய புறணிச் செல்கள்தான் இல்லை.

அதனால் அடுத்த கட்டமாக, மரபணு உள்ள செல்களும் இல்லாத செல்களும் கலந்த கருக்களை உருவாக்கினார்கள். மரபணு இல்லாத செல்கள் புறணியின் நடுவே அங்கங்கே திட்டுத்திட்டாகச் சேர்ந்து, ஒவ்வொரு திட்டும் ஒரு ஹெம் ஆனது. ஒவ்வொரு திட்டுக்கும் பக்கத்தில் ஒரு ஹிப்போகாம்பஸ் பகுதி உருவானது. ஒரே மூளையில் பல ஹிப்போகாம்பஸ்கள்! மெல்லிய மூளைச் சீவல்களில் அவற்றின் அடையாள மரபணுக்கள் கருநீல நிறம் பிடித்துத் தெரியும் அந்தப் படங்களை எப்போது பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

இதில் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, புதிதாக ஹிப்போகாம்பஸ் ஆன அந்தச் செல்களை. அவற்றின் மரபணுக்களில் யாரும் கை வைக்கவில்லை. எல்எச்எக்ஸ்2 உட்பட எல்லாம் பழுதில்லாமல் இருந்தன. கொஞ்சம் தள்ளியிருந்த அதே மாதிரிச் செல்கள் வழக்கம்போல் சாதாரணப் புறணியாக வளர்ந்தன. ஹிப்போகாம்பஸ் ஆனவற்றுக்கு மாறியது பக்கத்து வீடு மட்டும்தான்.

இந்த வகைச் சிந்தனைக்கு ஒரு முன்னோடி உண்டு, அவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஹில்டே மாங்கோல்ட் என்ற இளம் ஆய்வாளர், ஹான்ஸ் ஷ்பேமானிடம் முனைவர் பட்டத்துக்காக உழைத்தார். நியூட் என்ற வாலுள்ள நீர்நில உயிரியின் கருவிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, இன்னொரு இனத்து நியூட்டின் கருவில் வேறு இடத்தில் ஒட்டினார். ஒரு இனத்தின் செல்களில் நிறமி உண்டு, மற்றதில் இல்லை. அதனால் எந்தச் செல் எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. ஒட்டிய இடத்தில் இரண்டாவது உடலே வளரத் தொடங்கியது, அதுவும் பெரும்பாலும் வாங்கிக்கொண்ட கருவின் சொந்தச் செல்களைக் கொண்டே. ஆய்வு 1924இல் வெளியானது. அதே ஆண்டு வீட்டில் ஹீட்டர் வெடித்துத் தீக்காயங்களால் மாங்கோல்ட் இறந்துபோனார். ஷ்பேமானுக்கு 1935இல் நோபல் பரிசு கிடைத்தது. செல்களுக்கு இப்படி வழிகாட்டும் பகுதிக்கு அமைப்பாளர் என்ற பெயர் அந்த நியூட் ஆய்வுகளில் வந்ததுதான். 2008இல் ஹெம்மும் ஹிப்போகாம்பஸின் அமைப்பாளர் என்று உறுதியானது.

இடம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். சுண்டெலியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 19, 20 நாட்கள். பத்தாம் நாளை ஒட்டிய ஒரு குறுகிய இடைவெளிக்கு முன்னால் எல்எச்எக்ஸ்2 போனால்தான் செல் ஹெம் ஆகும். அதைத் தாண்டிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடுகிறது. இன்னும் பிந்தி, வளரும் ஹிப்போகாம்பஸில் அதே மரபணுவை எடுத்தால் வேறொன்று நடக்கிறது. நியூரான்களை, அதாவது நரம்புச் செல்களை, உண்டாக்க வேண்டிய செல்கள் நேரத்துக்கு முன்பே கிளியா எனப்படும் துணைச் செல்களை உண்டாக்கத் தொடங்கிவிடுகின்றன. இதையும் டோலேயின் ஆய்வகம்தான் 2011இல் காட்டியது. இதே மரபணு தொடக்கத்திலிருந்தே இல்லாத சுண்டெலிக்குக் கண்களும் உருவாவதில்லை. பழ ஈயில் இதற்கு இணையான மரபணு சிறகை உருவாக்குகிறது. அது பழுதான ஈக்குள் மனிதனின் எல்எச்எக்ஸ்2வை வைத்தால் சிறகுக் கோளாறு சரியாகிறது என்று 1999இலேயே காட்டிவிட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள், இது எதற்கான மரபணு? கண்ணுக்கா, நினைவுக்கா, சிறகுக்கா? உப்பு எந்தக் குழம்புக்கான பொருள் என்று கேட்பது போன்றது இந்தக் கேள்வி. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. புரதங்களுக்குக் குறிப்புத் தரும் மரபணுக்கள் உடம்பு முழுவதற்கும் சேர்த்து 20,000 அளவில்தான். நியூரானுக்கு ஒன்றென்று ஒதுக்கவே முடியாது. அதே சில மரபணுக்களை வேறு வேறு இடத்தில், வேறு வேறு நேரத்தில் பயன்படுத்தித்தான் மூளை உருவாகிறது. கணக்குக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று தனியாக வைக்க அங்கே இடமில்லை.

ஆகவே அந்தத் துண்டறிக்கை. பரம்பரைக்கும் படிப்புக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், அது உண்மையில்லை. இதைப் பற்றிய மிகப்பெரிய ஆய்வு 2022இல் வந்தது. சுமார் 30 லட்சம் பேரின் மரபணுத் தகவல்களை, அவர்கள் எத்தனை ஆண்டு படித்தார்கள் என்பதோடு ஒப்பிட்டார்கள். மரபணுத் தொகுப்பில் கிட்டத்தட்ட 4,000 இடங்களில் மிகச் சிறிய தொடர்புகள் தெரிந்தன. எல்லாவற்றையும் கூட்டினாலும், படித்த ஆண்டுகளில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் 12 முதல் 16 சதவீதம்தான் அதனால் விளங்கியது. அதிலும் ஒரு பகுதி பெற்றோர் அமைத்துத் தந்த வீட்டுச் சூழலின் பங்கு. அந்த 30 லட்சம் பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர். வேறு வம்சாவளியினருக்கு அந்தக் கணிப்பு வெகுவாகப் பலமிழக்கிறது. இந்த நிலைமையில் ஈரோட்டுப் பையனின் எச்சிலை வைத்து அவன் எதில் கெட்டிக்காரன் என்று சொல்வதாகக் காசு வாங்குவது அநியாயம். பெற்றோரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

அந்த அப்பா மீது எனக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். அவர் தானாக இப்படி நினைக்கவில்லை, நினைக்கவைக்கப்பட்டிருக்கிறார். 1953இல் சென்னை மாகாணத்தில், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்ற திட்டம் வந்தது. பெரும் எதிர்ப்புக்குப் பின் 1954இல் கைவிடப்பட்டது. ஆனால் அதன் அடியில் இருந்த எண்ணம் இன்னும் ஆசிரியர் அறையில் உலவுகிறது என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த குடும்பத்தில் யாருக்கும் கணக்கு வராமல் போனதற்கு, சொல்லித்தர ஆளில்லை என்பதை விட்டுவிட்டு ரத்தத்தில் போய்க் காரணம் தேட வேண்டாம்.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். கருவில் பக்கத்துச் செல் ஒரு செல்லின் விதியை மாற்றுவதை, வகுப்பில் பக்கத்து மாணவன் ஒருவனை மாற்றுவதோடு முடிச்சுப்போட்டு யாருக்கும் பாடம் எடுக்காதீர்கள். இரண்டும் வேறு. அதே மாதிரி, மரபணு உண்மையாகவே பழுதாகும் குழந்தைகளும் உண்டு. எல்எச்எக்ஸ்2வின் இரு பிரதிகளில் ஒன்று செயலிழந்த மனிதர்களைப் பற்றி 2023இல் எழுதியிருக்கிறார்கள்; வளர்ச்சித் தாமதம், ஆட்டிசம் போன்றவை ஆளுக்கு ஆள் வேறுபட்டுத் தெரிகின்றன. அந்தக் குடும்பங்களுக்கு இத்தகைய ஆராய்ச்சி ஒரு காரணத்தையாவது கண்டுபிடித்துக் கொடுக்கிறது. யார் பாவமோ, எந்தக் கிரகணமோ என்று ஒரு தாய் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கும் பேச்சுக்கு அது பதில். கணக்கில் பின்தங்குவது அந்த வகை விஷயம் அல்ல.

உங்கள் பையனுக்கு முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பேச்சும் கை வேலையும் நன்றாக இருந்து எண்கள் மட்டும் தகராறு செய்தால், அது கற்றல் குறைபாடாகவும் இருக்கலாம். எண்களைப் பிடித்துக்கொள்வதில் மட்டும் வரும் அந்தச் சிரமத்துக்கு டிஸ்கால்குலியா என்று பெயர். குழந்தைகள் மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ முறையாகச் சோதித்துச் சொல்ல முடியும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். அப்படி ஒன்று இருந்தால் தனிக் கவனத்துடன் வேறு முறையில் சொல்லித்தரலாம். கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு. அவன் பத்தாம் வகுப்பு போக இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, இப்போதே அவன் அப்பாவை மறுபடி ஒருமுறை கூப்பிடுங்கள்.