ஒரே ஆண்டுப் புத்தகங்களைப் படிக்கும் சவாலில் சேர ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு குறிப்பிட்ட ஆண்டில் வெளியான நூல்களைப் பலரும் படித்து, அவற்றைப் பற்றிக் குறிப்பு எழுதுவதுதான் இந்தச் சவால். எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். புத்தகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். "அந்த ஆண்டு" என்று எதைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதை முதலில் நடத்துகிறவர்களிடம் கேட்டுவிடுங்கள். எழுதிய ஆண்டா, பத்திரிகையில் தொடராக வந்த ஆண்டா, நூலாக அச்சேறிய ஆண்டா? ஆசையாகச் சேர்ந்தவர்கள் பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வந்தது. 1952-க்கான சவாலில் அதைச் சேர்க்கலாமா? விதியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. காஃப்கா 'விசாரணை'யை எழுதியது 1914-15இல். அது அச்சில் வந்தது அவர் இறந்த மறு ஆண்டு, 1925இல். ஃபிராய்டின் 'கனவுகளின் விளக்கம்' 1899 நவம்பரிலேயே வெளிவந்துவிட்டது, ஆனால் முகப்பில் 1900 என்று அச்சிட்டிருந்தார்கள். அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் அமெரிக்காவில் 1920, இங்கிலாந்தில் 1921. விதி எதுவும் சொல்லப்படவில்லை என்றால், உலகில் எங்கேனும் முதன்முதலாக நூலாக வந்த ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் மூலநூலின் ஆண்டு. இதற்கு யாரும் பெரிதாக ஆட்சேபம் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது, கையிலிருக்கும் நூலின் ஆண்டைக் கண்டுபிடிப்பது. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் "முதற்பதிப்பு" என்று இருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பல சமயம் அது அந்தப் பதிப்பகத்தின் முதற்பதிப்புதான். நூல் அதற்கு நாற்பது ஆண்டு முன்பே வேறு இடத்தில் வந்திருக்கும். ஆசிரியரின் முன்னுரைக்குக் கீழே தேதி இருக்கிறதா பாருங்கள். "இரண்டாம் பதிப்பின் முன்னுரை" என்று ஒன்று இருந்தால் முதல் பதிப்பைப் பற்றி அதிலேயே பெரும்பாலும் சொல்லியிருப்பார்கள். பழைய நூல்களில் "பிரபவ வருஷம்" என்பதுபோலத் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுற்று என்பதால் பிரபவ 1867-68ஆகவும் இருக்கலாம், 1927-28ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயர், ஆசிரியரின் காலம் இரண்டையும் வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். 1927-28 என்று முடிவானாலும் மாதத்தைப் பார்க்காமல் விடக்கூடாது. ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் அந்தப் பிரபவ சித்திரை 1927இல் விழும், மாசி 1928க்குப் போய்விடும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்கு நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும். மறுபதிப்புப் போடுகிற பதிப்பகங்கள் நூல் முதலில் எப்போது வந்தது, எந்த இதழில் வந்தது என்று ஒரு வரி அச்சிட என்ன செலவாகிவிடப் போகிறது? மேலட்டையைப் பளபளவென்று மாற்றுகிறார்கள். ஒரு எழுத்தாளரின் வாழ்வில் அந்த நூல் எங்கே நிற்கிறது என்ற தடயத்தை அழித்துவிடுகிறார்கள். சிலர் மொழிபெயர்ப்பாளர் பெயரைக்கூடப் போடுவதில்லை. எல்லாப் பதிப்பகங்களையும் சொல்லவில்லை, ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் செய்யாதவர்களால் வாசகன் படுகிற பாடு கொஞ்சமல்ல.

பட்டியல் தயாரிக்க விக்கிப்பீடியாவின் ஆண்டுவாரி இலக்கியப் பக்கங்கள் தொடக்கத்துக்குப் போதும். ஆங்கில நாவல்கள்தான் அங்கே அதிகம். நூலகத் தேடலில் ஆண்டைக் கொடுத்தால் வருவது கையிருப்பில் உள்ள பதிப்பின் ஆண்டு, எனவே அதில் வடிகட்டினால் வேண்டாதது நிறைய வரும், வேண்டியது விடுபடும். விருதுப் பட்டியலும் ஏமாற்றும். கல்கியின் 'அலை ஓசை' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 1956இல். தொடராக வந்ததோ 1948-49இல். நம்பகமான வழி எழுத்தாளர் வழியாகப் போவதுதான். அந்த ஆண்டில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் பத்துப் பேரைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொருவரின் நூற்பட்டியலிலும் அந்த ஆண்டைத் தேடுங்கள். அதிகம் பேசப்படாத நூல்கள் இப்படித்தான் கிடைக்கும்.

ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் 1930 அல்லது அதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். 1930இல் வெளியானவை 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பதிப்புரிமை நீங்கிப் பொது உரிமைக்கு வந்துவிட்டன, இணைய நூலகங்களில் கிடைப்பது எளிது. இந்தியாவில் கணக்கு வேறு: ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு கழிய வேண்டும். மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

நூலின் எந்தப் பாடம், அதாவது எந்த வடிவம், கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818இல் வந்தது; மேரி ஷெல்லி 1831இல் திருத்தி வெளியிட்டார், நெடுங்காலம் பரவலாக அச்சானது அந்தத் திருத்திய பாடம்தான். 1818-க்கான சவாலுக்கு அதைப் படித்தால் ஆண்டும் தவறு, நூலும் வேறு. சுருக்கப் பதிப்புகளிலும் எச்சரிக்கை தேவை.

எண்ணிக்கை விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். மணிக்கு 30 பக்கம், நாளைக்கு ஒரு மணி நேரம் என்றால் ஒரு வாரச் சவாலில் 210 பக்கம்தான். ஒரு சிறிய நாவல், கூடவே ஒரு சிறுகதை, அவ்வளவே. ஒரு மாதம் என்றால் மூன்று நூல்: பேர்போன ஒன்று, அதே ஆண்டின் மறக்கப்பட்ட ஒன்று, நாவல் அல்லாத ஒன்று. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். பயணநூலோ நாடகமோ கட்டுரைத் தொகுப்போ அந்த ஆண்டின் பேச்சை நாவலைவிடத் தெளிவாகக் காட்டும். வெளியான தேதி வரிசையில் படியுங்கள். 1925இல் 'த கிரேட் கேட்ஸ்பி' ஏப்ரல் 10, 'மிஸஸ் டாலவே' மே 14. முதல் உலகப் போருக்குப் போய் வந்தவர்கள் இரண்டிலும் இருக்கிறார்கள். முன்னதில் வருபவர் அதைப் பெருமைக்குரிய பழங்கதையாகச் சொல்கிறார். பின்னதில் வருபவர் அதிலிருந்து மீளவே இல்லை. அடுத்தடுத்துப் படிக்கும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தனித்தனியே, பல ஆண்டு இடைவெளியில் படிப்பவர்களுக்கு இது தட்டுப்படுவது அரிது. அதே ஆண்டு டிசம்பரில் இரண்டு தொகுதிகளாக வந்த டிரைசரின் 'ஆன் அமெரிக்கன் டிராஜடி'யை மட்டும் குறுகிய சவாலில் எடுக்காதீர்கள். மற்ற இரண்டுக்கும் நேரம் மிஞ்சாது.

"படிப்பதையும் போட்டியாக்கிவிட்டார்கள்" என்று யாராவது வந்து எழுதுவார்கள். எண்ணிக்கைக்காகப் படித்தால் அந்தக் குறை நியாயம்தான். இங்கே ஆண்டு ஒரு எல்லை மட்டுமே. அதற்குள் ஒன்றே ஒன்றைப் படித்தாலும் சவாலில் கலந்துகொண்டதாகத்தான் கணக்கு.

குறிப்பு எழுதும்போது முதல் வரியில் நூலின் பெயர், முதலில் வெளியான ஆண்டு, நீங்கள் படித்த பதிப்பு, மொழிபெயர்த்தவர் பெயர் நான்கையும் போடுங்கள். படித்து முடித்த இரண்டு நாளுக்குள் எழுதிவிடுங்கள். நூறு பக்கத்துக்குள் ஒரு நூலைத் தனியே எடுத்து வைத்திருங்கள். தேர்ந்தெடுத்தது பாதியில் பிடிக்காமல் போனால் மாற்றிக்கொள்ள உதவும்.