டிராம் வண்டியின் மறைவில்

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது ஒளித்து வைக்கப்பட்டுப் பிழைத்த யூதக் குழந்தைகளைப் பற்றிப் படித்தேன். கொல்லப்பட்ட பதினைந்து லட்சம் குழந்தைகளை நினைத்தால், இவர்கள் அதிர்ஷ்டசாலிகள் அல்லவா? (ஒரு வாசகர், மயிலாடுதுறை)

பதில்: உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்துக்கொண்டது ‘அதிர்ஷ்டசாலிகள்’ என்ற ஒரு சொல்தான். இந்தச் சொல்லை முன்னிட்டு எங்கள் அலுவலகத்தில் நெடுநாளாக ஒரு சண்டை நடக்கிறது. மெய்ப்புத் திருத்துபவர் அதை ‘அதிருஷ்டம்’ ஆக்குவார். நான் பழையபடி மாற்றுவேன். இதழ் வெளிவந்ததும், ‘நல்லூழ் என்று எழுத உமக்குக் கை கூசுகிறதா?’ என்று தனித்தமிழ் அன்பர் ஒருவரின் அஞ்சலட்டை தவறாமல் வந்து சேரும். ராசிபலன் போட மறுத்ததற்காகச் சந்தாவை நிறுத்தியவர்களின் கணக்கு தனி. இந்த முறை மட்டும் நான் மெய்ப்புத் திருத்துபவரின் கட்சி, ஏனெனில் அவருடைய எழுத்துக்கூட்டலில்தான் சொல்லின் வேர் தெரிகிறது. திருஷ்டி என்றால் பார்வை. அதிருஷ்டம் என்றால் பார்வையில் படாதது. அந்தப் பொருளில் நீங்கள் எழுதியது முற்றிலும் சரி. ஆனால் அக்குழந்தைகள் தாமாகவா பார்வையில் படாமல் போனார்கள்? ஒவ்வொரு குழந்தைக்கும் யாரோ ஒருவர் திரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

ஆம்ஸ்டர்டாமில் ஹொலன்ட்சே ஸ்கௌபுர்க் என்றொரு நாடக அரங்கு. பார்ப்பதற்கான இடம் என்பதே டச்சு மொழியில் அப்பெயரின் பொருள். 1942 கோடையிலிருந்து, நாடு கடத்தப்படவிருந்த யூதர்களை நாஜிகள் அங்கேதான் அடைத்து வைத்தார்கள். சிறு குழந்தைகளின் இரைச்சல் தாங்காமல் அவர்களைச் சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த குழந்தைகள் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். காப்பகத் தலைவி ஹென்ரியெட்டே பிமென்டெல், அரங்கின் நிர்வாகத்தைக் கவனித்த வால்டர் சூஸ்கின்ட் இருவரும் யூதர்கள். சூஸ்கின்ட் பதிவேட்டிலிருந்து ஒரு குழந்தையின் அட்டையை நீக்கிவிட்டால், காகிதத்தின் கணக்கில் அந்தக் குழந்தையே இல்லை. மீதி இருந்தது அதை வாசலைத் தாண்டி வெளியே கொண்டுபோவது.

அரங்குக்கும் காப்பகத்துக்கும் நடுவே டிராம் ஓடியது. வண்டி வந்து நின்றதும் எதிரே நின்ற காவலனுக்குக் காப்பக வாசல் தெரியாது. அந்தச் சில நொடிகளில் பெண்ணொருத்தி குழந்தையோடு வெளியே வந்து, வண்டியின் மறைவிலேயே ஓடி, அடுத்த நிறுத்தத்தில் ஏறிக்கொள்வாள். வண்டிக்குள் இருந்தவர்கள் அதைக் கண்டார்கள். கண்டும் காணாதவர்களாக இருந்தார்கள். துணிக்கூடையிலும் சாக்கிலும் போன குழந்தைகளும் உண்டு. பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எந்தக் குழந்தையையும் எடுப்பதில்லை. சம்மதித்த தாய், கணக்குக் குறையாமல் இருக்கப் போர்வையில் சுற்றிய பொம்மையைக் கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டு ரயிலுக்குப் போனதும் நடந்தது. இதற்கும் அதிர்ஷ்டம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இவ்வாறு தப்பியவர்கள் சுமார் 600 பேர். பக்கத்து ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவர் யொஹான் வான் ஹுல்ஸ்ட், தம் தோட்டத்து வேலி வழியாகக் கொடுக்கப்பட்ட குழந்தைகளை வாங்கித் தம் கட்டிடத்தில் மறைத்து வைத்தவர். 1943 செப்டம்பர் இறுதியில் காப்பகம் காலி செய்யப்பட்ட நாளில், மிஞ்சி நின்ற குழந்தைகளிலிருந்து சிலரை அவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு பேரை அழைத்துச் சென்றார். 2018-இல் தம் 107-ஆம் வயதில் இறந்த அம்மனிதர், அழைத்துச் சென்ற பன்னிருவரைவிட விட்டுவந்தவர்களைப் பற்றியே அதிகம் வருந்தினார். பிமென்டெல் 1943-இல் நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். சூஸ்கின்ட் 1945-இல் இறந்தார், மனைவியும் மகளும் அதற்கு முன்பே கொல்லப்பட்டிருந்தார்கள்.

ஒளிந்து வாழ்வதை டச்சுக்காரர்கள் ‘ஒன்டர்டௌக்கன்’ என்பார்கள். நேர்ப்பொருளில், முங்குவது. முங்கியவர் மேலே வந்தாக வேண்டும் அல்லவா? இரண்டு வயதில் கிராமத்துக் குடியானவர் வீட்டுக்குப் போய், ‘ரோட்டர்டாம் குண்டுவீச்சில் பெற்றோரை இழந்த பிள்ளை’ என்று ஊராருக்குச் சொல்லப்பட்டு, வேறு பெயரில் வளர்ந்து, அவர்களையே அம்மா அப்பா என்று அழைக்கப் பழகிய பிள்ளைக்கு, 1945-இல் முகாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்த தாய் யாரோ ஒருத்தி. யாரும் திரும்பி வராத பிள்ளைகளின் நிலை அதைவிடச் சிக்கலானது. அவர்கள் யாரிடம் வளர வேண்டும் என்று முடிவெடுக்க அரசு அமைத்த ஆணையத்தில் யூதர்கள் சிறுபான்மையினர். அதன் தலைவி கெசினா வான் டர் மோலன், அதே காப்பகத்திலிருந்து குழந்தைகளைக் கடத்தி வரத் துணிந்த சட்ட வல்லுநர். போரின்போது குழந்தைகளுக்காக உயிரைப் பணயம் வைத்த அவரே, பல பிள்ளைகள் வளர்ப்புக் குடும்பங்களிலேயே இருக்கட்டும் என்று யூத அமைப்புகளோடு மல்லுக்கட்டினார். வில்லி என்று யாரையும் சுட்டிக்காட்ட முடியாத வழக்கு இது. அதனால்தானோ என்னவோ, வீரக்கதை எழுதுவோர் பலரும் 1945 மே மாதத்தோடு பேனாவை மூடிவிடுகிறார்கள்.

உங்கள் சொல்லுக்கே திரும்புகிறேன். வளர்ந்து பெரியவர்களான இக்குழந்தைகளிடம் பல ஆண்டுகள் சொல்லப்பட்டது இதேதான்: நீங்கள் முகாமைப் பார்க்கவில்லை, அன்று சின்னக் குழந்தைகள், ஒன்றும் நினைவிருக்காது, அதிர்ஷ்டசாலிகள். முகாமிலிருந்து மீண்டவர்களே அவ்வாறு சொன்னபோது இவர்கள் என்ன பதில் சொல்ல முடியும்? ஒளிந்திருந்தபோது வாயைத் திறக்காமல் இருக்கப் பழகியவர்கள், அதன்பின்னும் திறக்கவில்லை. 1991 மே மாதம் நியூயார்க்கில், மறைந்து வாழ்ந்த குழந்தைகளுக்கென முதல் பன்னாட்டுக் கூட்டம் கூடியபோது ஏறக்குறைய 1,600 பேர் வந்தார்கள். அப்போது அந்தக் ‘குழந்தைகள்’ ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள்.