ஏரியில் பழகிய துடுப்பு ஆற்றுக்குப் போதுமா?

கேள்வி: நானும் தம்பியும் இருவர் அமரும் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் ஏரியில் நன்றாகப் பழகிவிட்டோம். இனி அகலமான ஆற்றில் இறக்க ஆசை. எப்படி இறக்குவது? தம்பிக்கு நீச்சல் தெரியும், லைஃப் ஜாக்கெட் வேண்டாம் என்கிறான்.

பதில்: ஏரியில் துடுப்பை நிறுத்தினால் படகும் நின்றுவிடும். ஆற்றில் நிற்காது. அதனால் முதலில் கரையோரமாகக் கீழ்நோக்கி, அதாவது ஓட்டம் போகும் பக்கமாக, நடந்து, எங்கே கரையேறலாம் என்று பார்த்துவிட்டு வாருங்கள். தடுப்பணையோ, கட்டிப்போட்ட பெரிய படகுகளோ, நீரில் சாய்ந்த மரமோ அருகில் இருந்தால் வேறு இடம் பாருங்கள். எனக்கு மரம்தான் பெரிய பயம். கிளைகளுக்கிடையே தண்ணீர் புகுந்து போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். கிளையைப் பிடித்து ஏறிவிடலாம் என்பதெல்லாம் அங்கே நடக்காது.

கரை துருத்தி நிற்கும் இடத்துக்குக் கீழே தண்ணீர் மெதுவாக ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பி வரும். அங்கே இறக்குவது சுலபம். அப்படி இடம் கிடைக்காமல் ஓடும் நீரிலேயே இறக்கினால், படகைக் கரையை ஒட்டி, முனை ஓட்டத்துக்கு எதிராக இருக்கும்படி வையுங்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் ஏறட்டும். ஓட்டத்துக்குள் நுழையும் அந்த நொடிதான் முக்கியம். படகையும் உடலையும் ஓட்டம் போகும் பக்கமாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். ஓட்டம் வரும் பக்கம் சாய்ந்தால் அந்த ஓரத்தை நீர் அமுக்கிக் கவிழ்த்துவிடும். என்னிடம் பழக வருகிறவர்களை இதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வேன்.

முதலில் எதிர்த்துப் போங்கள். களைத்த பிறகு ஓட்டமே உங்களைத் திருப்பிக் கொண்டுவரும். காற்று ஓட்டத்துக்கு எதிராக வீசினால் அலை செங்குத்தாக எழும், அப்போது கரையை விட்டு விலகாதீர்கள். கப்பல் போகும் வழியில் சுற்றாதீர்கள். மேலே நிற்கும் மாலுமிக்குக் கப்பலின் முனையை ஒட்டி வெகுதூரம்வரை இருக்கும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. கப்பல் கடந்த பிறகு வரும் அலைக்கு முனையைத் திருப்பிக் கொடுங்கள். தண்ணீர் கலங்கி, கிளைகள் மிதந்து வந்தால் ஆற்றில் நீர்மட்டம் ஏறுகிறது. அன்று இறக்கவே வேண்டாம்.

கவிழ்ந்தால் படகுக்கு ஓட்டம் வரும் பக்கமாக வந்துவிடுங்கள். நீர் நிறைந்த படகு பல நூறு கிலோ கனக்கும். அதற்கும் ஒரு பாறைக்கும் நடுவில் யாரும் சிக்கக் கூடாது. ஓடும் நீரில் எழுந்து நிற்காதீர்கள், கால் கற்களுக்கிடையே மாட்டும்.

தம்பியிடம் சொல்லுங்கள்: குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால் மூச்சு தன்னால் இழுக்கும், நல்ல நீச்சல்காரரும் தண்ணீரைக் குடித்துவிடுவார். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டி, பட்டைகளை இறுக்கிய பிறகுதான் படகைத் தொட வேண்டும். மறுத்தால் அன்று படகை இறக்காதீர்கள்.