நீராவியில் ஓடும் மாதிரி ரயிலுக்கு எந்த எரிபொருள் தூய்மையானது? கண்காட்சி அரங்குக்குள் அதை ஓட்ட முடியுமா?

அரங்குக்குள் கேஸ், தோட்டத்தில் ஸ்பிரிட் (எரிசாராயம்). நாள் முழுக்க அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பதே இன்பம் என்பவர்களுக்கு நிலக்கரி. இதுதான் என் பதில். காரணங்களைச் சொல்கிறேன். மின்சாரத்தில் ஓடும் சிறிய வண்டிகளைப் பற்றி அல்ல, உண்மையிலேயே பாய்லரில் தண்ணீர் கொதித்து ஓடும், தண்டவாள இடைவெளி 32 மி.மீ. அல்லது 45 மி.மீ. உள்ள எஞ்சின்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

முதலில் 'தூய்மை' என்ற சொல்லைப் பிரித்துவிடுவோம். கார்பன் கணக்கு ஒன்று, அறைக்குள் நிற்பவர் மூச்சில் போவது இன்னொன்று. நடுத்தர அளவு எஞ்சினின் தொட்டியில் 20 கிராம் பியூட்டேன் பிடிக்கும் என்று வையுங்கள். அது முழுதும் எரிந்தால் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு 60 கிராம். ஒரு பெட்ரோல் கார் அரை கிலோமீட்டர்கூடப் போவதற்குள் அவ்வளவையும் விட்டுவிடும். கண்காட்சிக்கு எஞ்சினைக் காரில் ஏற்றிக்கொண்டு 100 கிலோமீட்டர் போகிறவர், எரிபொருளை மாற்றிப் பூமியைக் காப்பாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆகவே நம் அளவில் கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றித்தான்: அரைகுறையாக எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடு, கண்ணைக் கரிக்கும் ஆல்டிஹைடு, கரிப்புகை.

கேஸ் என்றால் பியூட்டேன். வீட்டு சமையல் சிலிண்டரிலிருந்து நிரப்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. அது சட்டவிரோதம், அதோடு அதில் புரோப்பேன் கலந்திருக்கிறது. 40 டிகிரி வெயிலில் பியூட்டேனின் அழுத்தம் வளிமண்டலத்துக்கு மேல் சுமார் 3 பார். அதே சூட்டில் சுத்தமான புரோப்பேன் 12 பாரைத் தாண்டும். எஞ்சினின் கேஸ் தொட்டி பாய்லருக்கு அருகிலேயே இருப்பதால் ஓட ஓட அதுவும் சூடேறும் என்பதை மறக்கக் கூடாது. லைட்டர் நிரப்பும் கேனோ, மேசை அடுப்புக்கான பியூட்டேன் கேனோ போதும். பிரிட்டனில் குளிர் காரணமாக 70 பங்கு பியூட்டேன், 30 பங்கு புரோப்பேன் கலவையைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும் என்பதால் அங்கே அதற்கு நியாயம் உண்டு. சென்னை, மதுரை வெயிலுக்கு அந்தக் கலவை தேவையில்லை.

நிரப்பும்போது கேனைத் தலைகீழாகப் பிடித்து வால்வில் நேராக அழுத்த வேண்டும். திரவம் பீச்சத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். தொட்டிக்குள் ஐந்தில் ஒரு பங்காவது ஆவிக்கு இடம் வேண்டும். வெயில் நாளில் 'கேஸ் ஏறவே மாட்டேன் என்கிறது' என்பது வழக்கமான புலம்பல். கேனும் தொட்டியும் ஒரே சூட்டில் இருந்தால் அழுத்த வித்தியாசம் இல்லை, பிறகு எப்படி ஏறும்? தொட்டியின் மேல் ஈரத்துணியைப் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள், தானாக ஏறும். குளிர்நாட்டுக்காரர்களுக்கு நேர்மாறான தொல்லை. கேஸ் ஆவியாக ஆவியாகத் தொட்டி சில்லிட்டு நெருப்பு சோர்ந்துபோகும். அதனால்தான் சில எஞ்சின்களில் தொட்டியைச் சுற்றி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்ற ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள்.

பற்றவைப்பதில் நடக்கும் பிழை பெரும்பாலும் ஒன்றுதான்: வால்வை அதிகமாகத் திறப்பது. கேஸ் சீறும் சத்தம் காதில் லேசாகக் கேட்டால் போதும். புகைபோக்கியின் வாயில் நெருப்பைக் காட்டினால் 'பப்' என்று பின்னால் ஓடி பர்னரில் உட்காரும். அப்படி உட்காராமல் முன்பக்கப் புகைப்பெட்டிக்குள்ளேயே எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள். இரண்டு நிமிடம் விட்டால் பெயின்ட் கொப்பளிக்கும். பர்னர் ஊளையிட்டால் கேஸைக் குறையுங்கள், காற்றுத் துளை வளையத்தைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். நெருப்பு மஞ்சளாகவோ பலமில்லாமலோ இருந்தால் சந்தேகம் ஜெட்டின் மேல், அதாவது கேஸ் பீச்சும் சிறு முனையின் மேல். அதன் துளை மயிரிழை அளவு. ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், ஜெட் வீண். கழற்றிப் பின்பக்கமாக கேஸை ஊதியே அடைப்பை எடுங்கள்.

தண்ணீருக்கு முன்னால் கேஸ் தீர வேண்டும். நல்ல எஞ்சின்களின் தொட்டி அளவையே அப்படித்தான் அமைத்திருப்பார்கள். ஓட்டத்தின் நடுவே கேஸை மட்டும் நிரப்பி மறுபடி ஓட்டுபவர்தான் பாய்லரை வறட்டிக் கெடுக்கிறார். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்புப் படிந்துவிடும். வடிகட்டிய மழைநீர் அருமையானது.

ஸ்பிரிட் எனக்குப் பிடித்தது, சத்தமே இல்லை என்பதால். கேஸ் பர்னரின் இரைச்சலில் அமுங்கிப்போகும் புகைபோக்கியின் 'சுக் சுக்' ஸ்பிரிட்டில் தெளிவாகக் கேட்கும். எரிசக்தி குறைவு: ஒரு கிலோ எத்தனாலில் சுமார் 27 மெகாஜூல், பியூட்டேனில் 45. கரும்புச் சாறு, மொலாசஸிலிருந்து வரும் எத்தனால் என்றால் கார்பன் கணக்கிலும் அது முன்னால் நிற்கும். ஆனால் தமிழ்நாட்டில் டீநேச்சர்டு ஸ்பிரிட் (குடிக்க முடியாதபடி கலப்புச் செய்த எத்தனால்), மெத்தனால் இரண்டுக்கும் கட்டுப்பாட்டு விதிகள் உண்டு. உரிமம் பெற்ற இடத்தில் முறையாகத்தான் வாங்க வேண்டும். மெத்தனாலைத் தொடாதீர்கள், அதன் ஆவியே நஞ்சு. கிருமிநாசினி வாங்கும் கடையில் கிடைக்கிறதே என்று ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றுபவர்கள் அடுத்த நாள் முழுக்கக் கரி துடைக்க வேண்டியிருக்கும்.

ஸ்பிரிட் எஞ்சினின் உயிர் திரியில் இருக்கிறது. திரியைக் குழாயில் இறுக்கித் திணித்தால் ஸ்பிரிட் ஏறாது, நெருப்பு நீலமாக வராமல் சோம்பிக் கிடக்கும். தளர்வாக விட்டால் வழிந்து எஞ்சினுக்கு அடியிலேயே தீப்பிடிக்கும். விரலால் இழுத்தால் சற்றுத் தயங்கி வெளியே வர வேண்டும், அதுதான் அளவு. பாய்லருக்குள் செல்லும் குழாயிலேயே நெருப்பு எரியும் வகை என்றால், நீராவி சேரும்வரை புகைபோக்கியில் பேட்டரி மோட்டார் வைத்த சிறு மின்விசிறியைச் செருகிக் காற்றை இழுக்க வேண்டும். இழுப்பு நின்றால் கண் எரியும் நெடி வரும். அரங்குக்குள் ஸ்பிரிட் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அந்த நெடி ஒரு காரணம். வெளிச்சத்தில் அந்த நெருப்பு கண்ணுக்கே தெரியாது என்பது இன்னும் பெரிய காரணம்.

பொம்மை எஞ்சின்களில் வரும் வெள்ளை வில்லை எரிபொருள் ஹெக்ஸமின். அதன் புகை நல்லதல்ல. 2023 அக்டோபரிலிருந்து பிரிட்டனில் தனியார் அதை உரிமமில்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது, வெடிமருந்துக்கான மூலப்பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பழைய பொம்மை வைத்திருப்பவர்கள் எத்தனால் ஜெல்லுக்கு மாறுவது நல்லது.

இனி நிலக்கரி. 45 மி.மீ. தண்டவாளத்தில்கூட நிலக்கரி எஞ்சின்கள் ஓடுகின்றன. மண்ணெண்ணெயில் ஊறிய அடுப்புக்கரியால் பற்றவைத்து, 3 முதல் 5 மி.மீ. வரை சலித்த வேல்ஸ் நீராவிக் கரியைச் சிறு கரண்டியால் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தூள் கலந்தால் அடுப்பின் அடியிலுள்ள கம்பித் தட்டு அடைத்து நெருப்பு செத்துப்போகும். வேல்ஸ் கரியில் ஆவியாகும் பொருள் குறைவு என்பதால் புகை குறைவு, அதனால்தான் அதன் மேல் அத்தனை ஆசை. தெற்கு வேல்ஸில் மெர்த்தர் டிட்ஃபிலுக்கு அருகிலிருந்த ஃபோஸ்-ய்-ஃப்ரான் திறந்தவெளிச் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டதிலிருந்து பிரிட்டனின் பாரம்பரிய ரயில்களுக்கே கரி தேடுவது தலைவலி. நார்ஃபோக்கில் 15 அங்குலப் பாதையில் ஓடும் பியூர் வேலி ரயில்வே, தாவரக் கழிவைக் கலந்து செய்த உயிரிக்கரிக் கட்டிகளைப் போட்டுச் சோதித்துப் பார்த்தது. பெரிய அடுப்புக்கு அது வழியாகலாம். நம் அடுப்புக்குக் கட்டியை உடைத்தால் பாதி தூளாகிவிடும், மீதி சட்டென்று எரிந்து தீரும்.

நீலகிரி ரயில் இதில் சுவையான எதிர்ப்பக்கம். அங்கே எண்ணெயில் எரியும்படி மாற்றிய எக்ஸ் வகை எஞ்சின்கள் ஓடுகின்றன. ஆனாலும் 2021-ல் பொன்மலைப் பணிமனை நிலக்கரியில் ஓடும் புதிய எஞ்சின் ஒன்றைக் கட்டி அனுப்பியது. அதை மாதிரியாகச் செய்ய நினைப்பவர்கள் 1:22.5 அளவை எடுங்கள். 1000 மி.மீ. பாதை 44.4 மி.மீ. ஆகும், 45 மி.மீ. தண்டவாளம் பொருந்திவிடும். இரண்டடிப் பாதையான டார்ஜிலிங் எஞ்சினுக்கு 1:19, 32 மி.மீ. சரி.

கண்காட்சி. பிரிட்டனின் பெரிய விழாவான பர்மிங்காம் வார்லி கண்காட்சி 2023-உடன் நின்றுவிட்டது. ஆனாலும் அந்த நாட்டுக் கண்காட்சிகளின் ஒழுங்கை எங்கே நடத்துபவரும் எடுத்துக்கொள்ளலாம். பாய்லருக்குச் சோதனைச் சான்று கேட்கிறார்கள். புதிய பாய்லரை வேலை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கிலும், பிறகு வரும் சோதனைகளில் ஒன்றரை மடங்கிலும் குளிர்ந்த தண்ணீரால் அழுத்திப் பார்ப்பார்கள். காற்றால் அழுத்தாதீர்கள், பாய்லர் பிளந்தால் வெடிகுண்டுதான்.

கேஸ் நிரப்புமிடம் தண்டவாளத்தை விட்டு விலகி, திறந்த வெளியில் இருக்கட்டும். பியூட்டேன் காற்றைப் போல இரண்டு மடங்கு கனம். மேசைக்கு அடியிலும் சாக்கடை வாயிலும் போய்ப் படுத்துக்கொள்ளும், பக்கத்து எஞ்சினின் நெருப்பு அதைத் தேடிப் பிடிக்கும். ஸ்பிரிட் எஞ்சினும் கேஸ் எஞ்சினும் ஒரே நேரத்தில் அருகருகே தயாராகக் கூடாது.

பார்வையாளருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு கை நீளத்துக்குக் குறையாத இடைவெளி விடுங்கள். புதிதாக ஓடத் தொடங்கும் எஞ்சின் சிலிண்டரில் சேர்ந்த தண்ணீரையும், சிலிண்டருக்குப் போடும் மசகு எண்ணெயையும் புகைபோக்கி வழியாகத் துப்பும், அது குழந்தையின் கண் உயரத்துக்கே வரும். முதல் சுற்றைக் கையில் துணியோடு மெதுவாக ஓட்டிவிட்டுப் பிறகு கூட்டத்துக்குக் காட்டுங்கள்.

மண்டபத் தரை மட்டமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். 2 மீட்டர் மேசையில் 1 செ.மீ. சரிந்தாலே 200-க்கு 1 ஏற்றம். ரேடியோ கட்டுப்பாடு இல்லாத நீராவி எஞ்சின் ஒரு பக்கம் திணறி, மறுபக்கம் பறந்து வளைவில் கவிழும். மேசைக் கால்களின் அடியில் திருகி உயர்த்தும் போல்ட் வையுங்கள், ரசமட்டத்தை எல்லா இணைப்பிலும் வைத்துப் பாருங்கள். 18 மி.மீ. பிளைவுட் தேவையில்லை, 9 மி.மீ. பலகைக்கு அடியில் சட்டம் அடித்தால் ஒருவரே தூக்கலாம்.